வகுப்பறையில் சீண்டலைத் தடுப்பது: ஆசிரியர் எங்கிருந்து தொடங்கலாம்?

"பிள்ளைகள் என்றால் அடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும்." பள்ளிக்கூடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பாதி உண்மையும்கூட. இரண்டு பேர் ஒரு பந்துக்காகச் சண்டை போட்டால் பெரும்பாலும் அப்படித்தான் முடியும். ஆனால் இதே வார்த்தையைச் சொல்லித்தான், சண்டையே அல்லாத இன்னொன்றையும் நாம் கடந்துபோகிறோம். ஒரு பிள்ளையைக் குறிவைத்து, நாள் தவறாமல், பட்டப்பெயர் சொல்லியோ, பையை ஒளித்துவைத்தோ, யாரும் பேசாமல் ஒதுக்கியோ வாட்டி எடுப்பது. புல்லியிங் என்று இன்று பரவலாகச் சொல்லப்படும் இந்தச் சீண்டல் இரண்டு நாளில் சரியாகாது. பெரியவர்கள் கை வைக்காவிட்டால் சில பிள்ளைகளுக்கு இரண்டு வருடமானாலும் சரியாகாது.

புதிதாகப் பாடம் எடுக்க வந்திருக்கும் ஆசிரியரை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய திட்டமோ தனி நிதியோ இல்லாமல், ஒரு வகுப்பைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. நிறையவே முடியும். அதில் பெரும்பகுதி, சீண்டல் நடந்த பிறகு தண்டிப்பதில் இல்லை. யார் யாரோடு உட்காருகிறார்கள், குழுவை யார் பிரிக்கிறார்கள், யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறோம் என்ற அன்றாட விஷயங்களில் இருக்கிறது.

சண்டையா, சீண்டலா?

1970களில் ஸ்வீடனில் பள்ளிப் பிள்ளைகளிடையே இதை முறையாக ஆராயத் தொடங்கியவர் உளவியலாளர் டான் ஓல்வேயஸ். அவர் சொன்ன மூன்று அடையாளங்களைத்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். வேண்டுமென்றே காயப்படுத்துவது, திரும்பத் திரும்ப நடப்பது, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாதது.

இதில் மூன்றாவதைத்தான் ஆசிரியர்கள் எளிதில் தவறவிடுகிறார்கள். பலம் என்றால் உடல் பலம் மட்டும் இல்லை. வயது, நண்பர் கூட்டம், வகுப்பில் இருக்கும் செல்வாக்கு, சட்டென்று பதில் பேசும் திறமை, வீட்டு வசதி, பெரும்பான்மையினரின் மொழியைச் சரளமாகப் பேசுவது, எல்லாமே பலம்தான். நோஞ்சானாக இருக்கும் பையன் வெறும் வாயாலேயே வாட்டசாட்டமான இன்னொருவனைத் தினமும் அழவைக்க முடியும். ஆளைப் பார்த்து எடை போட்டால் ஏமாந்துபோவோம்.

"சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்பது எல்லா வகுப்பிலும் தயாராக இருக்கும் பதில். அது விளையாட்டுத்தானா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. விளையாட்டில் முறை மாறும். இப்போது இவன் துரத்தினால் அடுத்து அவன் துரத்துவான். "போதும்டா" என்றால் நின்றுவிடும். எப்போதும் ஒரே ஆள்தான் துரத்தப்படுகிறான், போதும் என்ற பிறகும் தொடர்கிறது என்றால் அது விளையாட்டு இல்லை. மாட்டிக்கொண்ட பிள்ளையும் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கலாம். அழுதால் இன்னும் மோசமாகும் என்று அதற்குத் தெரியும். வாய் சிரிக்கும்போது கண் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது வாசலைத் தேடும், அல்லது உங்களைத் தேடும்.

அடிப்பதும் தள்ளுவதும் கண்ணில் படும். வசைச்சொல் காதில் விழும். ஒதுக்கி வைப்பதுதான் எதிலும் சிக்காது. நெருங்கி வந்தால் பேச்சை நிறுத்துவது, பெஞ்சில் இடம் இருந்தும் "ஆள் வர்றாங்க" என்பது, எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு ஒருவரை மட்டும் விட்டுவிடுவது. கேட்டால், "நாங்க ஒண்ணுமே பண்ணலையே மிஸ்!" உண்மைதான், எதுவும் செய்யவில்லை, அதுதான் அங்கே தாக்குதல். மூன்று பேர் பந்தெறியும் ஒரு கணினி விளையாட்டில் ஒருவருக்கு மட்டும் பந்து வராமல் நிறுத்தி, அந்த நேரத்தில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2003இல் வெளியானது. உடல் வலியின்போது தூண்டப்படும் பகுதிகளில் ஒன்று, ஒதுக்கப்பட்டபோதும் தூண்டப்பட்டது. முன்பின் தெரியாதவர்கள், சில நிமிடம், பைசா பெறாத ஒரு விளையாட்டு. அதற்கே இப்படி என்றால், தினமும் முகம் பார்க்கும் வகுப்புத் தோழர்கள் செய்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இது எங்கோ நடக்கும் அபூர்வமும் இல்லை. உலகளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர், முந்தைய ஒரு மாதத்துக்குள் சக மாணவர்களால் சீண்டப்பட்டிருக்கிறார் என்று யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. உங்கள் வகுப்பில் அப்படி யாரும் இல்லை என்று தோன்றினால், உங்களுக்கு இன்னும் தெரியவரவில்லை என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

வேடிக்கை பார்ப்பவர்கள்தான் வகுப்பின் பெரும்பான்மை

1982இன் பிற்பகுதியில் நார்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். பள்ளியில் அவர்கள் பட்ட துன்புறுத்தலே காரணமாக இருக்கக்கூடும் என்று பேசப்பட்டது. நாடே அதிர்ந்துபோனது. அடுத்த ஆண்டே கல்வி அமைச்சகம் நாடு முழுக்க ஒரு தடுப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அப்போது நார்வேயில் பணியாற்றிய ஓல்வேயஸ், பெர்கன் நகரப் பள்ளிகளில் தன் தடுப்புத் திட்டத்தை அமல்படுத்தி, இரண்டரை ஆண்டுக் காலம் சுமார் 2,500 மாணவர்களிடம் அதன் விளைவைப் பார்த்தார். சீண்டல் கணிசமாகக் குறைந்திருந்தது. "இது மனித சுபாவம், ஒன்றும் செய்ய முடியாது" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போனது.

அதற்குப் பிறகு வந்த ஒரு கண்டுபிடிப்புத்தான் ஆசிரியருக்கு அதைவிடப் பயன்படும் என்பேன். ஃபின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். சீண்டல் இரண்டு பேருக்கு நடுவில் நடப்பது இல்லை. மொத்த வகுப்பும் அதில் ஏதாவது ஒரு வேடத்தில் இருக்கிறது. சீண்டுபவருக்கு எடுபிடியாகச் சிலர். கையை வைக்காமல், சிரித்தும் கைதட்டியும் ஏத்தி விடுபவர்கள் சிலர். கண்டும் காணாமல் ஒதுங்குபவர்கள் பலர். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பக்கம் நிற்பவர்கள் கொஞ்சம் பேர்.

கனடாவில் பள்ளி மைதானங்களில் பிள்ளைகளுக்கு மைக் பொருத்தி, தூரத்திலிருந்து வீடியோ எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2001இல் வந்த முடிவுகளைப் பாருங்கள். நூற்றில் 88 சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் உடனிருந்தார்கள். யாராவது ஒரு பிள்ளை தலையிட்டது 19 சதவீதச் சம்பவங்களில் மட்டும். ஆனால் அப்படித் தலையிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில், அதாவது 57 சதவீதத்தில், பத்து நொடிக்குள் சீண்டல் நின்றுபோனது.

பத்து நொடி! பெரியவர்கள் மணிக்கணக்கில் விசாரித்தும் தீராத விஷயம் அது. காரணம் எளிது. சீண்டுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் எதிரில் இருப்பவர் மேல் கோபமே இருக்காது. சுற்றி நிற்பவர்களின் பார்வைதான் அதற்கு வேண்டும். கூட்டம் சிரித்தால் அந்தஸ்து ஏறுகிறது. கூட்டம் முகம் கொடுக்காவிட்டால் செய்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

அப்படியானால் மற்ற பிள்ளைகள் ஏன் சும்மா நிற்கிறார்கள்? தனியாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் "பாவம்ங்க, பிடிக்கவே இல்லை" என்பார்கள். ஆனால் தலையிட்டால் அடுத்து நம் தலைதான் என்ற பயம். இன்னொன்றும் உண்டு. எல்லோரும் சும்மா இருப்பதைப் பார்த்து, மற்றவர்களுக்கு இது தப்பாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். முப்பது பேர் மனதுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டு, முப்பது பேரும் சம்மதிப்பதுபோல் நிற்கிறார்கள்.

இந்த முடிச்சை ஆசிரியர் அவிழ்க்கலாம். பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் "வகுப்பில் ஒருவரைக் கூட்டமாகக் கேலி செய்யும்போது உனக்கு என்ன தோன்றும்?" என்று கேட்டு வாங்குங்கள். வந்த பதில்களை, யாரையும் அடையாளம் காட்டாதவற்றை மட்டும் பொறுக்கி, வகுப்பில் படித்துக் காட்டுங்கள். தன்னைப் போலவே மற்றவர்களும் நினைக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு முதல்முறையாகத் தெரியும். நல்லொழுக்கத்தைப் பற்றி நாம் ஒரு மணி நேரம் பேசுவதைவிட இது வேலை செய்யும்.

அப்புறம், தலையிடுவது என்றால் குறுக்கே பாய்ந்து சண்டை போடுவது இல்லை என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிரிக்காமல் இருப்பது, அங்கிருந்து நகர்ந்துவிடுவது, பக்கத்தில் போய் "வா, நாம போலாம்" என்று கூட்டிக்கொண்டு வருவது, பிறகு தனியாகப் போய்ப் பேசுவது, பெரியவரிடம் சொல்வது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளையும் இதில் ஒன்றைச் செய்ய முடியும். "கோள் சொல்றான்" என்ற பெயர் வரும் என்று பயப்படுவார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சின்ன வகுப்பிலேயே பிடிபட வைக்கலாம். ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் கோள். ஒருவரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னால் உதவி.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. மரியா டோஃபியும் டேவிட் ஃபாரிங்டனும் நாற்பதுக்கும் மேற்பட்ட தடுப்புத் திட்டங்களின் மதிப்பீடுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். 2011இல் வந்த அந்த ஆய்வின்படி, திட்டங்கள் சராசரியாகச் சீண்டலை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்திருந்தன. பெற்றோர் கூட்டங்களும் மைதானத்தில் பெரியவர்களின் கண்காணிப்பும் இருந்த திட்டங்கள் நன்றாக வேலை செய்தன. மாணவர்களையே பஞ்சாயத்துக்கும் வழிகாட்டலுக்கும் நியமித்த முறைகள் இருந்த இடங்களில், சீண்டப்படுவது கூடியே இருந்தது. வேடிக்கை பார்ப்பவர்களின் மனதை மாற்றுவது வேறு, அவர்களைக் காவலர்களாக்குவது வேறு.

கண்ணெதிரே நடந்தால்

வராந்தாவில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நாலு பேர் சுற்றி நிற்க, ஒரு பிள்ளையின் நோட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான் ஒருவன். நீங்கள் வருவதைப் பார்த்ததும் நோட்டு கீழே இறங்குகிறது. "ஒண்ணுமில்லை சார்."

அந்த நேரத்தில் மூன்று தப்பு நடக்க வாய்ப்பிருக்கிறது. பார்க்காததுபோல் போய்விடுவது முதலாவது. எல்லோர் முன்னாலும் "என்ன நடந்தது, யார் ஆரம்பித்தது?" என்று நீதிமன்றம் வைப்பது இரண்டாவது. "சரி சரி, ரெண்டு பேரும் கை குடுத்துக்கோங்க" என்பது மூன்றாவது. மூன்றிலும் மோசமானது எது என்று என்னைக் கேட்டால் கடைசியைத்தான் சொல்வேன். அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே தட்டில் வைக்கிறோம். பாதிக்கப்பட்ட பிள்ளை மன்னித்ததுபோல் நடிக்கவும் வேண்டியிருக்கிறது, அதுவும் கூட்டத்துக்கு முன்னால்.

நடுவில் போய் நில்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்கள், அதுவும் ஒரே வாக்கியத்தில். "நோட்டைப் பிடுங்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். நம் பள்ளியில் அது கூடாது. கொடு." நோட்டு கைமாறியதும் எல்லோரையும் வகுப்புக்கு அனுப்புங்கள். சுற்றி நின்றவர்களிடமும் ஒரு வார்த்தை: "நீங்களும் இருந்தீர்கள். உங்களோடும் அப்புறம் பேசுவேன்." விசாரணை, அறிவுரை எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். அந்த அரை நிமிடத்தில் வகுப்பு கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இங்கே பெரியவர்கள் பார்க்கிறார்கள், பார்த்தால் நிறுத்துகிறார்கள்.

பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் அன்றைக்கே, மற்றவர்கள் கண்ணில் படாத இடத்தில் பேசுங்கள். "நீ என்ன பண்ணே?" என்று ஆரம்பித்தால் வாய் அடைத்துவிடும். "இது எத்தனை நாளா நடக்குதும்மா? வேற எங்கெல்லாம் நடக்குது? யார்கிட்டயாவது சொன்னியா?" என்று போகலாம். "கண்டுக்காம விடு, அவங்களே நிறுத்திடுவாங்க" என்று சொல்லாதீர்கள். அது ஏற்கெனவே பலமுறை முயன்று பார்த்துத் தோற்ற வழி. "திருப்பி அடி" என்பதும் வேண்டாம். பலம் சமமாக இருந்தால் இந்த நிலையே வந்திருக்காது. அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தனக்குத் தெரியாமல் ஏதோ நடந்து, நாளைக்கு அதற்குப் பழி வாங்குவார்களோ என்ற பயம்தான் பல பிள்ளைகளை வாய் திறக்க விடாமல் செய்கிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

சீண்டிய பிள்ளையோடு பேசுவது இன்னும் கடினம். "ஏன்டா இப்படிப் பண்ணே?" என்றால் காரணங்கள்தான் வரும். "என்ன நடந்தது, அவனுக்கு அது எப்படி இருந்திருக்கும், நாளையிலிருந்து என்ன செய்யப்போறே?" என்று கேட்டால் பேச்சு நகரும். குழுவாகச் செய்திருந்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அடுத்தடுத்து கூப்பிட்டுப் பேசுங்கள். கூடியிருந்தால் ஒருவருக்கொருவர் தெம்பு. செய்த தவறு என்ன என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் "நீ கெட்ட பையன்" என்று முத்திரை குத்தினால், அந்தப் பெயருக்கு ஏற்ப நடந்துகாட்ட ஓர் அனுமதிச்சீட்டைக் கொடுத்ததாகிவிடும். இந்தப் பிள்ளைகளில் சிலர் வேறொரு இடத்தில் அடி வாங்குபவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சிலர் அப்படி இல்லை. வகுப்பில் செல்வாக்கும் தன்னம்பிக்கையும் நிறைந்தவர்கள், ஆசிரியர்களிடம் நல்ல பெயர் எடுத்தவர்கள். அவர்கள் செய்ததாக ஒரு பிள்ளை வந்து சொல்லும்போது, "அவனா? இருக்காதே" என்று நம் வாயில் வந்துவிட்டால் கதவு சாத்தப்பட்டுவிடும்.

உடனே டிசி கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கோபம் புரிகிறது. ஆனால் முதல் தவறுக்கே விரட்டும் கடுமையான விதிகளால் பள்ளி பாதுகாப்பாகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வுக்குழு 2008இல் வெளியிட்ட அறிக்கையில் எழுதியது. தண்டனை பெரிதாக இருந்தால் பிள்ளைகள் சொல்லவும் தயங்குவார்கள், ஆசிரியர்களும் மூடி மறைப்பார்கள். சின்ன விளைவு, ஆனால் தவறாமல் வரும் விளைவு. அதுதான் பயன்படும்.

ஆசிரியரின் நாக்கைப் பற்றியும் பேசியாக வேண்டும். மார்க் குறைந்தவரைப் பார்த்து ஒரு நக்கல், மெதுவாக எழுதுபவரின் நோட்டைத் தூக்கிக் காட்டி ஒரு சிரிப்பு, கட்டணம் கட்டாதவர்களின் பெயரை வகுப்பில் உரக்கப் படிப்பது. நமக்கு அரை நிமிட விஷயம். வகுப்புக்கு அது, இந்தப் பிள்ளையைச் சீண்டலாம் என்ற உத்தரவு. பட்டப்பெயர்களில் சில ஆசிரியர் வாயிலிருந்து பிறந்தவை. பிள்ளைகளின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்வது, முடியவில்லை என்றால் அவர்களிடமே கேட்டுச் சொல்லிப் பழகுவது, இதெல்லாம் சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் சிரிப்பதற்கு வகுப்புக்குக் கிடைக்கும் முதல் கருவியே பல நேரம் பெயர்தான்.

எங்கே, எப்போது

பாடம் நடக்கும்போதைவிட, இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும், கழிப்பறை, மாடிப்படி, மைதானத்தின் மூலை, பள்ளி வாகனம் போன்ற இடங்களிலும்தான் சீண்டல் அதிகம். பள்ளியின் வரைபடத்தைத் தாளில் போட்டுக்கொடுத்து, "உனக்குப் போகப் பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வை" என்று பிள்ளைகளிடம் கேட்டால் போதும். தாள்களை அடுக்கிப் பார்த்தால் எங்கே ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இடைவேளையில் போகாமல் பாட நேரத்தில் அடிக்கடி கழிப்பறைக்கு அனுமதி கேட்கும் பிள்ளையைக் கவனியுங்கள். காலையில் வயிற்றுவலி, தொலைந்துகொண்டே இருக்கும் பொருட்கள், திடீரென்று சரியும் மார்க், மணி அடித்த பிறகும் வகுப்பை விட்டுப் போகாமல் உங்கள் மேசையைச் சுற்றிக்கொண்டிருப்பது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் கேட்டுப்பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் இடமுள்ள வகுப்பு

உடல் குறைபாடு, திக்குவாய், நிறம், எடை, வேறு மொழி, வேறு மதம், வறுமை. யார் 'வேறு மாதிரி' என்று வகுப்பு முடிவு செய்கிறதோ அவர்கள்மேல்தான் சீண்டல் எளிதில் விழுகிறது. அதனால் சீண்டலைத் தடுப்பது ஒரு வேலை, எல்லோரையும் உள்ளடக்கிய வகுப்பை உருவாக்குவது இன்னொரு வேலை என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டும் ஒரே வேலைதான்.

1994இல் ஸ்பெயினின் சாலமன்கா நகரில் 92 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பள்ளிகளே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் அதை உரிமையாகவே எழுதிவைத்தது. ஆனால் ஒரே அறையில் உட்காரவைத்தால் மட்டும் உறவு வந்துவிடாது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954லேயே இதைச் சொன்னார். வேறுபட்ட குழுக்கள் பழகும்போது வெறுப்பு குறைய வேண்டும் என்றால் சமமான அந்தஸ்து, பொதுவான குறிக்கோள், சேர்ந்து செய்யும் வேலை, மேலிருப்பவர்களின் ஆதரவு, இவை வேண்டும். வகுப்பறையில் மேலிருப்பவர் என்றால் அது நீங்கள்தான்.

இந்த நான்கையும் ஒரு பாடவேளைக்குள் அடக்கிக் காட்டியவர் உளவியலாளர் எலியட் ஆரன்சன். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், இனவாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகளை ஒன்றுசேர்த்தபோது பிள்ளைகளிடையே பகை மூண்டது. ஆரன்சனும் அவரிடம் ஆய்வு செய்த மாணவர்களும் வகுப்புகளைப் போய்ப் பார்த்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியரின் பாராட்டுக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பதில் தெரியாமல் விழித்தால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். அதைத்தான் அவர்கள் மாற்றினார்கள். 'ஜிக்சா' என்று அந்த முறைக்குப் பெயர். பாடத்தை ஐந்தாறு துண்டாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. ஒரே துண்டு கிடைத்த பிள்ளைகள் எல்லாக் குழுக்களிலிருந்தும் முதலில் ஒன்றாகக் கூடிப் படித்துத் தெளிவாகிக்கொள்வார்கள். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கடைசியில் முழுப் பாடத்திலிருந்தும் எல்லோருக்கும் தேர்வு. இப்போது திக்கித் திக்கிப் பேசும் பிள்ளையின் துண்டு வேண்டுமென்றால் பொறுமையாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேலி செய்தால் நஷ்டம் தனக்குத்தான். கூட ஒரு கேள்வி கேட்டு, பேச உதவி செய்து, விஷயத்தை வாங்கிக்கொள்ளப் பிள்ளைகள் தாமாகவே பழகுகிறார்கள். அன்பாக இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வேலையின் அமைப்பே அப்படிச் செய்யவைத்தது.

இதே கணக்கில்தான் குழு பிரிப்பதையும் பார்க்க வேண்டும். "நீங்களே அஞ்சஞ்சு பேரா சேர்ந்துக்கோங்க" என்று சொல்வது ஆசிரியருக்குச் சுலபம். அடுத்த இரண்டு நிமிடத்தில் ஒரு பிள்ளை அறையின் நடுவில் தனியாக நிற்கும். பிறகு "இவனையும் சேர்த்துக்கோங்கப்பா" என்று நீங்கள் கெஞ்ச வேண்டும், குழு முகம் சுளிக்க வேண்டும், அந்தப் பிள்ளை அதைப் பார்க்க வேண்டும். விளையாட்டு வகுப்பில் இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பதும் இதேதான். யாருக்கும் வேண்டாத பிள்ளை யார் என்று வாரா வாரம் பகிரங்கமாக அறிவிக்கும் சடங்கு அது. குழுவை நீங்களே பிரியுங்கள், அல்லது சீட்டுக் குலுக்குங்கள். இன்றைக்கே நிறுத்தக்கூடிய ஒரு வழக்கம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

உட்காரும் இடமும் அப்படித்தான். நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், ஒருவரையொருவர் பிடிக்காத பிள்ளைகளைச் சில வாரங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தபோது, அவர்களுக்கிடையே இருந்த வெறுப்பு குறைந்தது. 2012இல் வெளியான ஆய்வு அது. ஆனால் சீண்டுபவரையும் சீண்டப்படுபவரையும் அருகருகே போட இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழக்கமில்லாததால் வரும் வெறுப்புக்குத்தான் இது மருந்து. மாதம் ஒரு முறை எல்லோருக்கும் இடம் மாறும் என்று வழக்கமாக்கிவிட்டால், யாரையும் குறிவைத்து மாற்றியதாகத் தெரியாது.

கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டுபிடித்தார். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். மொழி புதிதாக இருக்கும் பிள்ளைக்கும், யோசித்துப் பேசும் பிள்ளைக்கும் அந்த இரண்டு நொடி பெரிய சொத்து. கை தூக்கியவர்களையே கூப்பிடாமல், முதலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு அப்புறம் கேட்கலாம். மற்ற உதவிகளையும் முடிந்தவரை எல்லோருக்குமாகச் செய்துவிடுங்கள். சொல்வதைப் பலகையிலும் எழுதுவது, எழுத்தைப் பெரிதாக அச்சிடுவது, பலகையைப் பார்த்துப் பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசுவது, இவை ஒருவருக்கு அவசியம், மற்றவர்களுக்கும் வசதி. ஒரு பிள்ளைக்கு மட்டும் என்று தனியாகக் காட்டினால் அதுவே அடையாளமாகிவிடுகிறது.

"பாருங்க, இவ்வளவு கஷ்டத்திலும் எப்படிப் படிக்கிறான்!" என்று குறைபாடுள்ள பிள்ளையைக் காட்சிப்பொருளாக்கும் நல்லெண்ணமும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு எப்போதும் உதவி வாங்கும் வேடத்தையே கொடுக்காதீர்கள். உதவி செய்யவும், தப்பு செய்யவும், தலைமை தாங்கவும் அதற்கும் முறை வர வேண்டும். அந்தப் பிள்ளையின் நிலையைப் பற்றி வகுப்பில் பேசுவது நல்லது என்று தோன்றினால் முதலில் அதனிடமும் பெற்றோரிடமும் கேளுங்கள்.

போனும் பெற்றோரும்

பள்ளி முடிந்த பிறகும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சீண்டல் தொடர்கிறது. வீட்டுக்குப் போனால் தப்பித்தோம் என்பது இந்தத் தலைமுறைக்குக் கிடையாது. பதில் அனுப்பாதே, அழிக்காதே, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பெரியவரிடம் காட்டு, ஃபார்வர்ட் செய்யாதே என்பதைச் சம்பவம் நடப்பதற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். ஃபார்வர்ட் செய்பவரும் ஏத்தி விடுபவர்தான். அந்தரங்கமான படம் என்றால் நீங்கள் அதை உங்கள் போனுக்கு வாங்கிக்கொள்ளாதீர்கள். உடனே பள்ளி நிர்வாகத்திடம் போக வேண்டிய விஷயம் அது.

பெற்றோரைக் கூப்பிட்டால் இரண்டு வீட்டாரையும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்காரவைக்காதீர்கள். "உங்க பையன் இப்படி" என்று தொடங்காமல், பார்த்ததைத் தேதியோடு சொல்லுங்கள். அதற்காகவே ஒரு நோட்டில் நடந்ததை அன்றன்றைக்கு இரண்டு வரி எழுதிவைப்பது கைகொடுக்கும்.

குறைந்த பிறகு

சரி, இதையெல்லாம் செய்து வகுப்பில் சீண்டல் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு ஆபத்து இருக்கிறது. ஃபின்லாந்தில் 2009இலிருந்து நாடு முழுக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்ட 'கிவா' என்ற சீண்டல் தடுப்புத் திட்டத்தைத் தொடர்ந்த ஆய்வுகளில் இது தெரியவந்தது. மொத்தத்தில் சீண்டல் குறைந்த வகுப்புகளில், இன்னும் சீண்டப்பட்டுக்கொண்டிருக்கும் ஓரிரு பிள்ளைகள் முன்பைவிட அதிகமாக உடைந்துபோகிறார்கள். முன்பு தன்னைப் போல நாலு பேர் இருந்தார்கள். இப்போது தான் மட்டும். அப்படியானால் குறை என்னிடம்தான் என்று அந்தப் பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது.

அதனால் பேசி முடித்த பிள்ளையிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். "இப்ப எப்படி இருக்கு?" என்றால் "பரவாயில்ல சார்" என்றுதான் வரும். "நேத்து சாப்பாட்டு நேரத்துல யாரோட உட்கார்ந்தே?" என்று கேட்டால் உண்மை தெரியும். யாரோடும் இல்லை என்றால் அதற்கு ஒரே ஒரு நண்பர் கிடைப்பதுதான் முதல் தேவை. நல்ல நண்பர் ஒருவர் இருக்கும் பிள்ளையைச் சீண்டல் அவ்வளவு ஆழமாகப் பாதிப்பதில்லை. நட்பை நாம் உத்தரவு போட்டு உண்டாக்க முடியாது. ஆனால் வாய்ப்பை உண்டாக்கலாம். அந்தப் பிள்ளைக்கு எதில் விருப்பம், வகுப்பில் அதே விருப்பம் யாருக்கு இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த குழு வேலைக்குப் பெயர் எழுதும்போது முதலில் இந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் யாரைப் போடலாம் என்று யோசித்து எழுதிவிட்டு, அப்புறம் மற்றவர்களைப் பிரியுங்கள்.